பரங்கிப் பூவுக்கு வந்த சண்டை

விடியற்காலையில் பரங்கிப் பூ விரிந்ததும் அதற்குள் மூக்கை நுழைத்தால் லேசாக ஓர் இனிப்பு வாசனை வரும். மூக்கு நுனியில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்க மறந்து பள்ளிக்கூடம் போய் நான் கேலி வாங்கிய நாட்கள் உண்டு. அந்தமானில் ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும், ஒன்பது மணிக்குள் பூ சுருங்கியும்விடும் என்பதால், அந்த வாசனை வேண்டுமென்றால் தூக்கத்தை விட்டுத்தான் ஆகவேண்டும்.

கோடை என்றால் செடி கொடியெல்லாம் காய்ந்து கிடக்கும் என்று "மெயின்லேண்டு"க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கோ மழை விட்ட பிறகுதான் தோட்டமே. மற்ற மாதங்களில் போட்ட விதையெல்லாம் அழுகிப் போகும். சௌல்தாரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கொல்லையில், பங்குனி பிறந்தால் வெண்டை பூக்கும், பாகல் பூக்கும், கனகாம்பரமும் மல்லியும் போட்டி போட்டுக்கொண்டு பூக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், நான் குளித்த தண்ணீர் எல்லாம் அம்மா வெட்டிய வாய்க்கால் வழியாகச் செடிக்குத்தான் போகும். இதற்கெல்லாம் ராணி, வேலியோரம் படர்ந்த பரங்கிக் கொடி.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அந்தக் கொடியின் மேல் என் தலையெழுத்தே தொங்கியது. விருத்தாசலத்துப் பக்கத்திலிருந்து அம்மாவின் அண்ணன் கடிதம் எழுதியிருந்தார். சித்திரைக் கடைசியில் கப்பலில் வருகிறாராம். உப்புத் தண்ணீரில் என்ன விளையும், என்ன படிப்பு வரும், பிள்ளையையாவது என்னோடு அனுப்பு, இங்கே வளரட்டும் என்றும் எழுதியிருந்தார். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்த அப்பா, "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று இழுத்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "அண்ணன் வரட்டும். கொல்லை நிறைய காய் கெடக்கறதப் பாத்துட்டு எந்த வாயால உப்புத் தண்ணின்னு சொல்லுதுன்னு நானும் பாக்கறேன்" என்றாள். அன்று முதல் நான் காலையில் கண் விழித்ததும் கொடியடிக்குத்தான் ஓடுவேன்.

பக்கத்து வீட்டு வங்காளப் பெண்மணியை, அக்கா என்ற அர்த்தத்தில், அம்மாவும் "தீதி" என்பாள், நானும் "தீதி" என்பேன். அம்மாவுக்கு அரைகுறை இந்தி கற்றுத் தந்து, பதிலுக்குக் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டதும், எனக்கு அம்மை போட்டபோது வந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான். வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து உண்டு. அந்தச் சந்து வழியாக வந்து, பரங்கிப் பூ எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டபோது, பூஜைக்குத்தானே என்று நினைத்து, "லே ஜாவ், லே ஜாவ்", எடுத்துக்கொண்டு போ என்றாள் அம்மா. பூ என்றால் சாமிக்கு, இல்லையென்றால் தலைக்கு. எங்கள் வீட்டில் வேறு எதற்கென்று தோன்றும்?

ஒரு நாள் தீதி வீட்டு அடுப்படியில் அந்தப் பூக்கள் அரிசி மாவில் முங்கி எண்ணெயில் பொரிவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன். "அம்மா, தீதி பூவைத் திங்கறாங்க! பிஞ்சு வச்ச பூவையும் பறிச்சிட்டாங்க!" பின்பாதி பச்சைப் பொய். ஒரு காய் குறைந்தாலும் என்னைக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், பார்க்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"அடிப்பாவி! பூவெல்லாம் போனா காய் எங்கேருந்து வரும்?" என்று கத்திய அம்மா, மறுநாள் காலையில் வேலிக்கே போய், பூவோடு திரும்பிய தீதியை நிறுத்தி, "கல் சே மத் ஆனா" என்று சொல்லிவிட்டாள். நாளையிலிருந்து வராதே! தீதி முந்தானையில் இருந்த பூக்களை வேலிக் கம்பின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அம்மா பழைய மீன் வலையும் முள்ளும் வைத்து அந்த வேலிச் சந்தை அடைத்தாள்.

பிறகு பூத்ததைப் பார்க்க வேண்டுமே! கொடி முழுக்க மஞ்சள். அம்மாவின் சந்தோஷம் நாலே நாள்தான் நீடித்தது. பிஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பழுத்துச் சுருங்கி விழ ஆரம்பித்தன. "கண்ணு பட்டுடுச்சு" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள், சாம்பல் தூவினாள், மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். ஒன்றும் நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் அப்பா, "பேசாம புள்ளைய உங்க அண்ணன்கூட அனுப்பிடலாம்" என்று சத்தமாகச் சொல்ல, அம்மா அதைவிடச் சத்தமாக அழுதாள். நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் தீதி நின்றுகொண்டிருந்தார். அவர் இந்தியில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "அரே பாபா, உன் கொடியில பொண்ணுங்க எல்லாம் கல்யாணம் ஆகாமலே சாவுது, தெரியலையா? இந்த வருஷம் தேனீ எங்க இருக்கு? நான்தான் தினம் வந்து கல்யாணத்தை முடிச்சு வச்சேன். மிச்சம் இருக்கிற ஆம்பளைப் பூவைத்தான் எடுத்துட்டுப் போனேன். அதுல எந்தக் காலத்துல காய் வந்திருக்கு?"

அம்மா முள் கையைக் கிழிக்க வலையைப் பிடுங்கி எறிந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "சாய் பியா?", டீ குடித்தாயா என்று மட்டும் கேட்டாள். தீதி உள்ளே வந்து, நீளக் காம்பு ஆம்பளைப் பூ ஒன்றைப் பறித்து இதழை உரித்து, பிஞ்சு தாங்கிய பூவின் நடுவில் மஞ்சள் பொடி ஒட்டும்படி மெதுவாகத் தேய்த்தார். "ஷாதி ஹோ கயா", கல்யாணம் முடிந்தது என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா வந்தபோது கொடியில் நாலு காய் கிடந்தது. ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்து, "பரவால்லியே, நல்லாத்தான் வெளையுது" என்றார். திரும்பும்போது ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். என்னை அனுப்பச் சொல்லிக் கேட்கவே இல்லை. நான் இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டேன்.

இன்று அந்த வேலி இல்லை. அதன் இடத்தில் சிமெண்ட் சுவர் நிற்கிறது. தீதி மகனோடு வங்காளத்துக்குப் போய்விட்டார். அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. பரங்கிப் பூ பொரிக்கும் வாசனை இந்தத் தெருவில் வந்து பல வருடமாகிறது. அம்மாவின் போனில் முகம் பார்த்துப் பேசுவதுதான் மிச்சம். போன சித்திரையில் அப்படிப் பேசும்போது, இத்தனை வருடமாக உறுத்திய அந்தப் பொய்யைத் தீதியிடம் சொல்லிவிட்டேன்.

பொக்கை வாயால் சிரித்தார். "பாக்லி! பைத்தியமே! உன் அம்மா அன்னைக்கு அந்தக் குதி குதிச்சப்பவே தெரியும், நீதான் ஏதோ சொல்லியிருக்கேன்னு."

"அப்புறம் ஏன் தீதி திரும்பி வந்தீங்க?"

"உன்னை அனுப்பிடலாம்னு உங்க அப்பா போட்ட சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சே. பின்னே, பரங்கிக்காய்க்காகவா வந்தேன்?"

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய் நின்று நன்றாக அழுதேன்.