மார்கழியில் வைத்த கல்யாணம்

இந்த ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் காருக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். வாசலில் நிற்கும் காரின் மூக்கிலிருந்து ஒரு ஒயர் தொங்கும். அதைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிட்டுத்தான் படுக்கப் போகலாம். மறந்தால் காலையில் எஞ்சின் விறைத்துக் கிடக்கும். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுவதுபோலத் தெரு முழுக்கக் காரைக் கட்டி வைத்திருப்பார்கள். கனடாவின் ரெஜைனா நகரத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. இப்படிப்பட்ட ஊரில், இப்படிப்பட்ட காலத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் போன வருஷம் என் மகள் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில். நம் கணக்கில் நட்டநடு மார்கழி.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் லீவு. மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். வெள்ளைப் பனியில் சிவப்புப் புடவையோடு நின்றால் போட்டோ அள்ளும். பூ வாடாது, சாம்பார் ஊசாது, மாப்பிள்ளைக்கு வேர்க்காது. எங்கள் கள்ளக்குறிச்சியில் வைகாசி வெயிலில் ஓமப்புகைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதன் அருமை தெரியும். ஆனால் பட்டுப்புடவைக்கு மேல் கரடி மாதிரி ஒரு கோட்டு போட வேண்டும். வாசலில் வாழைமரம் கட்டினால் அரை மணியில் கறுத்துத் துவண்டுவிடும். கிழவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பனிப்புயல் வந்தால் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே கம்பியை இறக்கி மூடிவிடுவார்கள். அப்புறம் மாப்பிள்ளையானாலும் மந்திரியானாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். நான் பயந்தது அந்த ஒன்றுக்காகத்தான்.

மாப்பிள்ளையின் அம்மா லிண்டா வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனுஷி. என் முகம் போன போக்கைப் பார்த்து, “அது உங்களுக்குக் கெட்ட மாதமா?” என்று கேட்டார். கெட்ட மாதம் இல்லை, கடவுளுக்கு என்று ஒதுக்கிய மாதம், அதனால் கல்யாணம் வைக்க மாட்டோம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கடவுளின் மாதமா? அதைவிடக் கல்யாணத்துக்கு நல்ல மாதம் உண்டா?” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்மதம் சொல்லிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அவர்மேல் இல்லை, என்மேல். என்னைப் பிய்த்துத் தின்ற வழக்கத்துக்கே வக்கீலாக நின்றிருக்கிறேனே!

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் தாலி ஏறும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன், ஏழுமலை. போனில் தேதியைச் சொன்னதும் எகிறினான்.

“மார்கழில இன்னா கல்யாணம்? ஏற்கெனவே ஒனக்கு ஒண்ணு நின்னுச்சி. பொண்ணுக்கும் அப்படி ஆவணுமா? நான் வரல மல்லிகா.”

எனக்கு நின்றதாம்! மழை நின்றது மாதிரி, தானாக நின்றதுபோலச் சொல்கிறான்.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் கொதித்துக் கிடந்த காலம். படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் எங்கள் சனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தென்னாற்காடு முழுக்க மறியல். ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தால் பஸ் நின்றுவிடும். கேட்டது நியாயம்தான். கரும்பில் காய்ந்த சோகை உரிக்கிற கைக்குப் பேனா கிடைக்கக் கூடாதா? அந்தக் கோபம் சில இடங்களில் எங்களைவிட இல்லாதவர்களின் குடிசைமேல் போய் விழுந்ததையும் நான் மறைக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம் வைத்தார்கள். தைக்குத் தள்ளியிருக்கலாம். புது நெல் வந்திருக்கும், மழை விட்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குத்தான் அவசரம். விழுப்புரத்துப் பக்கமிருந்து முதல் நாளே வந்துசேர வேண்டியவர்கள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் மாட்டிக்கொண்டார்கள். குறுக்கே மரம். விடியற்காலை முகூர்த்தத்துக்குக் கூறைப்புடவை கட்டி, ஒழுகுகிற பந்தலில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சேறும் சகதியுமாக நடந்து வந்து சேர்ந்தபோது மத்தியானம். ஐயர் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். விட்டால் மார்கழி, இனித் தையில் பார்க்கலாம் என்று எல்லாரும் எழுந்துகொண்டார்கள். பெரியப்பா மகள் சரோஜா அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“மழயயும் கூட்டிக்கினு வந்தா, மறியலயும் கூட்டிக்கினு வந்தா. இவ ராசி இன்னா ராசியோ!”

அன்று சாயங்காலம் நெல் குதிருக்குப் பின்னால் நின்று அண்ணன் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். “மாப்ள வண்டி அப்பவே தாண்டிப் போயிருக்கும்னு நெனச்சிக்கினுதாம்மா வெட்டனோம்.” உள்ளங்கையெல்லாம் கொப்புளம் அவனுக்கு. போலீஸ் தேடுகிறது என்று அன்றைக்கே ஜீப் ஏறி வெள்ளிமலைக்குப் போய்விட்டான். அந்த மார்கழி முழுக்கக் கல்வராயன் மலைக் குளிரில் ஒளிந்துகிடந்தான். நான் கீழே ராசியில்லாதவளாகக் கிடந்தேன். மாதம் முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள், இந்தப் பெண் வேண்டாமென்று. பொங்கலுக்கு அண்ணன் குரங்குக் குல்லாவோடு இறங்கி வந்தான். வழக்கு கிழக்கு எல்லாம் பிறகு ஆறிப்போயிற்று. ஊரில் அவனுக்கு மரியாதைகூட ஏறியது. கடைத்தெருவில் என்னைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மரத்தை வெட்டியது நான்தான், அவள் ராசி அல்ல என்று ஒரு வார்த்தை சொன்னானா? இல்லை. அம்மாவும் சொல்லவில்லை.

ஒதுக்கீடு வந்தது. அவனுக்குச் சர்க்கார் வேலை கிடைத்தது. எனக்கும் அதில்தான் நர்சிங் சீட் கிடைத்தது; கல்யாணம் அதற்குப் பிறகு வேறொருவரோடு. நான் விமானம் ஏறியது அந்த மரம் விழுந்ததால்தான். இதை நினைக்கும்போதெல்லாம் நன்றியும் கோபமும் ஒன்றையொன்று தின்கின்றன. ஜெயிப்பது எப்போதும் கோபம்தான்.

அதனால் போனில் கேட்டேவிட்டேன். “எனுது நின்னது மாசத்தாலயா, ஒன் கோடாலியாலயா?”

அவன் சொன்னான்: “அந்த மரம் சாயலன்னா நீ நர்ஸ் ஆயிருப்பியா? எவன் வூட்லயோ சாணி தட்டிக்கினு இருந்திருப்ப.”

“மரத்த வெட்டனத நான் கேக்கல அண்ணே. ஊரே என் ராசின்னு சொன்னப்ப வாய மூடிக்கினு இருந்தியே, அதக் கேக்கறேன்.”

போனை வைத்துவிட்டான். ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவன் மகன் கூப்பிட்டான். “அத்த, அப்பா விசாவுக்கு ஓடிக்கினு இருக்காரு. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னாரு.”

கல்யாணத்துக்கு முதல் நாள் வர வேண்டிய அண்ணனின் விமானத்தைப் பனிப்புயலால் சஸ்காட்டூனுக்குத் திருப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரரின் நண்பர் போய்க் காரில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் டேவிட்சன் என்ற சின்ன ஊரில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். குறுக்கே கம்பி. பெட்ரோல் பங்கில் பட்டத்தையும் சீர்த்தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். விடிந்தும் வழி திறக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நல்லா உட்காரு, உட்கார்ந்து பார் எப்படி இருக்கிறதென்று!

காலை முகூர்த்தம். மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐயர் நெளிந்தார். ஊரிலிருந்து வர முடியாதவர்கள் பார்ப்பதற்காக ஒரு போனை நிறுத்தி வைத்திருந்தோம். அதிலிருந்து சரோஜா அக்காவின் குரல் வந்தது. “மார்கழில வெச்சா இப்படித்தான். அம்மா ராசி பொண்ணுக்கும்.” நாளைக்குத் தொண்ணூறு வயதைத் தொட்டாலும் அந்த வாய் மாறாது. லிண்டா என் காதருகில் குனிந்து, “அவர்கள் வாழ்த்துகிறார்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஐயரிடம் சொன்னேன்: “முகூர்த்தம் போனா போவட்டும். பொண்ணோட மாமன் வந்தப்புறம்தான் தாலி.” எனக்காக அன்றைக்கு ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தால் போதும்.

மத்தியானம்தான் வந்தான். அதே மாதிரிக் குரங்குக் குல்லா, பூட்ஸில் பனி, கையில் தட்டு. போனுக்குள்ளிருந்து அக்கா மறுபடி ராசி என்று ஆரம்பித்ததைக் கேட்டான். நடு மண்டபத்தில் நின்று கத்தினான்.

“வாய மூடுக்கா! இன்னிக்கி ரோட்ட மறிச்சது பனி. அன்னிக்கி மறிச்சது நான். மரத்த வெட்டனது நான்தான். இவ ராசில ஒரு கொறயும் இல்ல!”

வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஏதோ சடங்கு என்று நினைத்து லிண்டா கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். நான் போனைப் பார்த்தேன். திறந்த வாயோடு அக்காவின் முகம் அசையாமல் நின்றிருந்தது. லைன் எப்போது போனதோ தெரியவில்லை. யார் கேட்க வேண்டுமோ அவர்கள் காதில் விழாமல், கேட்டுப் புரியாதவர்கள் நடுவில் சொல்லியிருக்கிறான் என் அண்ணன்.

அவன் பட்டத்தை எடுத்துக்கொண்டு மகளிடம் போனான். நான் வழியை மறித்து நின்றேன். மறுபடி ஊருக்குப் போட்டேன். மணி அடித்தது. அக்காவின் முகம் வந்தது, பின்னால் வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். ஒரு கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இப்ப சொல்லு. இங்க இல்ல, அங்க கேக்கற மாதிரி.”