ஹெலினாவுக்குக் கேட்காத மூச்சு

கண்களை மூடிக்கொண்டுதான் ஹெலினா கோல் காப்பாள். காலில் தடித்த பேடுகள், முகத்தை மறைக்கும் கம்பிவலைக் கவசம், இரு கம்பங்களுக்கு நடுவே சற்றே குனிந்த உடம்பு. விடிந்தும் விடியாத பனியில், திருமுல்லைவாயில் ரயில் பாதையை ஒட்டிய அந்த ஹாக்கி மைதானத்தில், பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு அவளை நோக்கி ஓடி வருவார்கள். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் முன்பே ஹெலினாவின் கால் அந்தப் பக்கம் நீண்டிருக்கும்.

"அடிக்கிறதுக்கு மின்னாடி மூச்ச இஸ்துப் புடிக்கிற பாரு, அதாண்டி உன்னக் காட்டிக் குடுக்குது. எதிர் டீம் கீப்பருக்கும் காது கீதில்ல?" என்பாள்.

மின்சார ரயில் வந்தால் எல்லாம் நின்றுவிடும். ஓடுகிறவள் ஓடிய இடத்திலேயே நிற்க வேண்டும். கடைசிப் பெட்டியின் ஓசை ஆவடிப் பக்கம் கரைந்த பிறகுதான் ஹெலினா தலையசைப்பாள். முதன்முறை பார்க்கிறவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள். பனிக்குள் அசையாத பத்துப் பெண்கள். அவர்களுக்கு எதிரே கண் திறக்காத ஒருத்தி.

நாற்பத்தொரு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறி மோட்டார்களை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டே பழுதை ஒதுக்கும் வேலை. கணவன் டேவிட் அக்கம்பக்கத்தில் சிரித்துக்கொண்டேதான் சொல்வான், கண்ணில் மட்டும் சிரிப்பு இருக்காது: "நான் பொய் சொல்ல வாயத் தொறக்கவே வேணாம்பா. மூச்ச வச்சே புட்ச்சிடுது. பேயோட குடித்தனம் பண்ற மாறி கீது."

மாநில முகாமுக்கு முன்வரிசை ஆட்டக்காரியாக யாரை அனுப்பலாம் என்று பயிற்சியாளர் பார்த்தசாரதி அவளைக் கேட்டுத்தான் எழுதுவார். ஆறு வருடமாக ஒரே பதில்: "எல்லார் மூச்சும் கேக்குது சார்." அந்த இடம் ஆறு வருடமாகக் காலியாகவே போனது. தனக்குக் கேட்காத ஒருத்தி என்றைக்காவது வருவாள் என்று அவள் ஒவ்வொரு காலையும் ஏங்கிக் காத்திருந்தது யாருக்கும் தெரியாது.

கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வரும் சபீனாவும் ஏங்கினாள். "என்னுது மட்டும் ஏன்க்கா அவ்ளோ கேக்குது?" என்பாள்.

"பூந்தமல்லி பஸ்ஸு பிரேக் போடற மாறி வுடறடி நீ" என்று தோழி ஷோபனா சீண்டுவாள்.

பட்டியல் அனுப்பக் கடைசி நாளான நேற்று, சபீனாவின் முறை வந்தது. மட்டை மண்ணைத் தேய்ப்பது கேட்டது. காலடிகள் கேட்டன. மூச்சு இல்லை. ஆளே இல்லாமல் வெறும் காலடிகள் நெருங்கி வருவது போலிருந்தது. ஹெலினாவின் பிடரி சிலிர்த்தது. எந்தப் பக்கம் காலை நீட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கோல் பலகை அதிர்ந்தது.

பெண்கள் கூச்சலிட்டார்கள். ஆறு வருடமாக ஹெலினா காத்திருந்தவள் வந்துவிட்டாள். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. கோல் போட்ட பிறகும் அங்கே மூச்சு கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். சபீனா நின்றுகொண்டுதான் இருந்தாள், சிரித்த முகத்தோடு. உதடுகள் மட்டும் நாவல்பழ நிறம். முழங்கால் மடங்கியது. பாய்ந்து தாங்கிய ஹெலினாவின் கையில், சட்டைக்குள் ஏதோ கட்டைபோல் தட்டுப்பட்டது. சட்டையை விலக்கினாள். துப்பட்டா. மார்புக்கூட்டை நெரித்து மூன்று சுற்று, விலாப்பக்கம் முடிச்சு.

"அவுக்காதக்கா..." அரைக் குரல்தான் வந்தது. "இத்தக் கட்டிக்கினாதான்... உனுக்குக் கேக்கல."

நடுக்கோட்டிலிருந்து பார்த்தசாரதி பட்டியலை ஆட்டினார். "இவ மூச்சு கேக்கலல்ல ஹெலினா? பேர எழுதிடவா?"

தடித்த கையுறைக்குள் விரல்களால் முடிச்சைப் பிடிக்க முடியவில்லை. ஹெலினா கவசத்தைப் பிடுங்கி எறிந்தாள். அவரைப் பார்த்து வேண்டாமென்று ஒரு கையை வீசிவிட்டு, சபீனாவை மடியில் சாய்த்து, குனிந்து, வியர்வையில் ஊறி இறுகிய அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.