துபாயிலிருந்து நசரத்பேட்டைக்கு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, அப்பாவின் சவப்பெட்டியை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்ன அந்த நாளில் நான் ஜெபம் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், மே மாதம். நசரத்பேட்டையில் எங்கள் வீடு. அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஒரே தம்பி டேனியல், துபாயில் வெல்டர். மகன் வந்து முகம் பார்த்து, முதல் பிடி மண் போட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். தெருமுனை மருந்துக் கடைக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, டிக்கெட் கெடச்சிடுச்சி. நாளைக்குக் காலைல ஏர்றேன்." எந்த வழியாக என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

பெரியப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "துபாய் இன்னா அமெரிக்காவா? நாலு மணி நேரந்தாம்மா. மத்தியானம் சோத்துக்கு இங்க இருப்பான்." அதை நம்பி, சாயங்காலம் அடக்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டோம்.

மறுநாள் மத்தியானம் தாண்டியது. விமான நிலையம் போன என் வீட்டுக்காரர் தனியாகத் திரும்பினார். "துபாய் பிளைட்டு வந்து எல்லாரும் எறங்கிட்டாங்க. அவன் இல்ல."

அம்மா அதன் பிறகு தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "எம் புள்ளையும் பூட்டானா?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பெட்டிக்கு அடியில் ஐஸ் கட்டிகள் உருகி வாசல்வரை ஓடின. வெயிலில் அப்பாவின் முகம் மாறத் தொடங்கியது. "இனிமே தாங்காதும்மா, மூடிடலாம்" என்று பெரியப்பாவே அழுதார்.

அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "கடலையே பிளந்தீரே, ஒரு விமானத்தைக் கொண்டுவந்து சேர்க்க உமக்கு மனசில்லையா?" என்று கத்தினேன். பதிலுக்கு இடிதான் இடித்தது. கோடையில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்லை. இது வேறயா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர் நனைந்துகொண்டே போதகரிடம் ஓடிவந்தார். "ஐயரே, குழி முச்சூடும் தண்ணி நிக்குது. எறச்சி முடிக்கவே இருட்டிடும்."

குழியை இறைத்து முடிக்கும்வரை போதகர் அடக்கத்தைத் தள்ளிவைத்தார். மழையில் வீடும் குளிர்ந்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் டாக்சி வந்து நின்றது. என் தம்பி! பம்பாய் வழியாகத்தான் டிக்கெட் கிடைத்ததாம். அங்கே இறங்கி, மெட்ராஸ் விமானத்துக்காகப் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தானாம். நாங்கள் பறக்கிற நேரத்தை மட்டுமே எண்ணியிருந்தோம். அவன் அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்ட பிறகுதான் பெட்டியை மூடினோம். முதல் பிடி மண் அவன் கையால் விழுந்தது.

நான் விமானத்தைக் கேட்டேன். ஆண்டவரோ குழியை நிரப்பி அடக்கத்தை நிறுத்திவைத்தார். இப்போதெல்லாம் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை. தூரதேசத்தில் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களே, அழுங்கள், சண்டையும் போடுங்கள். ஆனால் அவரிடமே போடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் அம்மா தம்பியின் கையை விடாமல் என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்கள்.