கரி பஸ்ஸில் போய்ப் பெண் பார்த்தது

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும், எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் இரும்பு உலையை மாட்டி, அடுப்புக்கரியைப் போட்டு ஓட்டினார்கள். கரிப்புகை போதுமான அளவு வந்தால்தான் வண்டி நகரும். நாமக்கல் சேலம் வண்டியில் நான் கண்டக்டர். விடியும் முன்னே உலையின் காற்றாடியைக் கையால் சுற்றி நெருப்பை எழுப்ப வேண்டும். மேடு வந்தால் ஆட்களை இறக்கித் தள்ளவைக்க வேண்டும். நடுவில் ஞாபகம் வந்தால் டிக்கெட்டும் கிழிக்க வேண்டும். லீவு என்கிற வார்த்தையைச் சூரமங்கலத்து ரயில்வேக்காரர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

வீட்டில் அம்மா குழம்பு ஊற்றி முடித்ததும் "ரைட்!" என்பேன். தூக்கத்தில் மேடு வந்துவிட்டால் சுவரைத் தள்ளுவேனாம்.

இந்த அழகனுக்கு அம்மா புதுச்சத்திரத்தில் ஒரு பெண் பார்த்தாள். லீவு கேட்டு முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"பொண்ணு எங்கடா போயிரப் போவுது? பஸ்ஸு நின்னா சனம் போயிருமே!" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு இருந்த தூக்கத்தில் யார் எது சொன்னாலும் நியாயமாகத்தான் படும்.

டிரைவர் அண்ணன் வழி கண்டுபிடித்தார். மதிய டிரிப்பில் வண்டியைப் புதுச்சத்திரத்தில் நிறுத்தி, உலையில் சாம்பல் அள்ளவேண்டும், மறுபடி தீப்பிடிக்க நேரமாகும் என்று சொல்லிவிடுவது. கரி பஸ்ஸில் அதை மறுக்க யாராலும் முடியாது. அம்மா காலை டிரிப்பிலேயே போய்ப் பெண் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னபடி வண்டி நின்றது. ஆனால் நான் தலை வாருவதைக் கோழிக்கூடையோடு முன்சீட்டில் இருந்த ஓர் ஆத்தா பார்த்துவிட்டாள்.

"ஏஞ் சாமி, சாம்பல் அள்ளறதுக்கா தலை சீவறே?"

டிரைவர் அண்ணன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அப்ப நாங்க மட்டும் வெயில்ல காயறதா? நாங்களும் வாரோம்!" என்றாள் ஆத்தா.

பஸ் முழுக்க இறங்கிற்று. கோழியும் வந்தது.

வந்த அத்தனை பேரும் மாப்பிள்ளை வீட்டுச் சனம் என்று பெண் வீட்டார் அரண்டுபோய், பஜ்ஜிக்கு இன்னும் கொஞ்சம் மாவு கரைத்தார்கள். என்னைப் பாயில் உட்காரவைத்தார்கள். அந்தப் பாய் குலுங்கவே இல்லை. அப்படி ஒரு சுகத்தை என் உடம்பு மறந்தே போயிருந்தது. சுவரில் சாய்ந்தேன், அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பெண் வந்து கும்பிட்டதையும், பஸ்ஸே பெண் பார்த்துத் திருப்தி தெரிவித்ததையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மா உலுக்கியதும் கண்ணைத் திறந்தேன். எதிரே நெருக்கியடித்துக் கூட்டம். துள்ளி எழுந்து, "உள்ள போங்க, உள்ள போங்க! வழியில நிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே, முன்னால் நின்ற மீசைக்காரரைத் தோளைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிவிட்டேன்.

அவர்தான் பெண்ணின் அப்பா.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கோழி கூடையைவிட்டுப் பறந்தது. அவர் மீசையில் கடலைமாவோடு திரும்பி வந்தார். கோபமில்லை, முகத்தில் கவலைதான் இருந்தது.

"பையன்கிட்டக் குத்தமொண்ணும் இல்லீங்க. ஆனா பொண்ணக் குடுத்தா, இவரு ஊட்டுல எப்பங்க முழிச்சிருப்பாரு?"

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் மட்டும் வந்தது.

"வாரத்துக்கு ஒரு நா லீவு வாங்கிட்டு வரச் சொல்லுங்கப்பா. வாங்கிட்டா எனக்குச் சம்மதம். இல்லீனா வேண்டாமுங்க."

முகத்தைத்தான் தூங்கித் தொலைத்தேன். அந்தக் குரலையும் விட்டுவிட மனசில்லை. ஆனால் லீவுக்கு எங்கே போவேன்?

சேலத்தில் இறங்கிய சனம் வீட்டுக்குப் போகவில்லை. நேரே முதலாளியின் ஷெட்டுக்குள் நுழைந்தது. ஆத்தாதான் முன்னால்.

"ஏனுங்க மொதலாளி, ஒங்க கண்டக்டருக்குப் பொண்ணு பாத்துட்டு வாரோம். புள்ளை லட்சணமா இருக்குது. வாரத்துக்கு ஒரு நா லீவு குடுக்கறீங்களா, நாளையிலருந்து எல்லாரும் வேற பஸ்ஸுல ஏறிக்கட்டுமா?"

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம. அது ஒண்ணுதான். மத்த நாள்ல செத்தாலும் வந்துட்டுத்தான் சாகோணும்," என்றார்.

மறுநாள் புதுச்சத்திரத்தில் வண்டி நிற்குமுன்பே குதித்து ஓடி, மூச்சிரைக்கச் செய்தி சொன்னேன். பெண்ணின் அப்பா உள்ளே திரும்பினார்.

"கேட்டயா அம்மிணி? வெள்ளிக்கெழம லீவாமா."

"கேட்டேனுங்கப்பா. கண்ணாலத்தையும் வெள்ளிக்கெழமையே வெச்சிருங்க. வேற நாள்ல வெச்சா மாப்பிள்ளை வரமாட்டாரு."