தம்பியின் டோப்பா

கைரேகை பதியாத நோயாளியை கிராம நிர்வாக அலுவலரின் சான்றைக் கொண்டு அடையாளம் காண வேண்டும். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. காப்பீட்டுத் திட்டத்தின் விதி இது. பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட விதிகளை நானே எழுதியிருக்கிறேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

என் தம்பிக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. அவன் விரல் ரேகைகளை உப்பு எப்போதோ தின்றுவிட்டது. குடலில் புற்றுநோய் வந்தபின், ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் கேமராவுக்கு முகத்தைக் காட்டித்தான் மருந்து ஏற்றிக்கொண்டான். இரண்டு முறை ஏறியதும் முடி, புருவம் எல்லாம் கொட்டி, அட்டையில் இருந்த போட்டோவோடு முகமும் பொருந்தாமல் போனது.

மருந்து என்ன செய்கிறது என்று அவனுக்கு விளக்கினேன். செல் இரண்டாகும்போது அதன் டிஎன்ஏ இழை முறுக்கேறும். ஒரு நொதி இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, திரும்ப ஒட்டும். மருந்து அந்த வெட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ஒட்டவிடாது. இழை அறுந்து செல் சாகும். ஓயாமல் பெருகும் செல்தான் அதிகம் மாட்டும். புற்று; கூடவே முடியின் வேர்.

"வரப்ப வெட்னவன் மூடறதுக்குள்ள கையப் புடிச்சிக்கிற மாதிரி. பாத்தி பூரா போச்சி," என்றான்.

கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, மனுவோடு காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அடுத்த ஊசி தள்ளிப்போனால் தப்பிய செல்கள் பெருகும். பதில் வரவில்லை. தம்பி பொறுக்காமல், தெருக்கூத்து ஆடும் சிநேகிதனிடம் டோப்பா வாங்கி மாட்டி, மையால் புருவம் தீட்டி, கவுண்டரில் போய் நின்றான். கேமரா ஏற்றுக்கொண்டது. கவுண்டர் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, கூத்துக்குப் போறீங்களா?"

"ஆளு நான்தாம்மா. முடிய மட்டும் உங்க மருந்து தின்னுடுச்சி."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு ஆள்மாறாட்டம் என்று எழுதினாள். கோப்பு விசாரணைக்குப் போனது. விசாரணையில் இருப்பவனுக்குக் காசு கொடுத்தாலும் அங்கே ஊசி கிடையாது.

நினைவூட்டல் மனுக்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவன் தலையில் முடி முளைத்தது. அவன் மனைவி அதைத் தடவிப் பார்த்து, சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று அழுதாள். மருந்து நின்றதும் முளைப்பது முடி மட்டுமல்ல என்று நான் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. வயிறு வீங்கத் தொடங்கியிருந்தது.

"இப்ப போட்டோவுல இருக்கிற மாதிரியே இருக்கேன் இல்லண்ணா?" என்று கேட்டான்.

இருந்தான். சுடுகாட்டுக்குத் தூக்கும்போதும் அப்படியேதான் இருந்தான்.

நோயாளியின் அடையாளம் உறுதி செய்யப்பட்டது, சிகிச்சையைத் தொடரலாம் என்று பதில் வந்தது. ஊர்ச் சாமிகள் எல்லாம் கடலாட வந்திருக்க, சாவு விழுந்த வீடு என்பதால் நாங்கள் மட்டும் கரைக்குப் போகாதிருந்த மாசி மகத்தன்று.