தேராவில் ஒரு ரோமக் கோட்டுக் கடை

துபாய் தேராவில் வெயில் சாலைத் தாரை இளக்கிக்கொண்டிருக்கிறது. நான் ஒதுங்கிய கடைக்குள்ளோ ரோமக் கோட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. ரஷ்யாவிலிருந்து வரும் வியாபாரிகளுக்கான சரக்கு. கடைக்காரர் காதர் பாய், கீழக்கரைக்காரர். அவரிடம் விற்பனைக்கு நிற்கும் ஒக்ஸானா, உக்ரைனில் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். அங்கே சம்பளம் ஒழுங்காக வராததால் இங்கே வந்திருக்கிறார்.

"இவங்களுக்கு ஒரு யுனிவர்சிட்டியில ஃபெலோஷிப் கிடைச்சிருக்கு தங்கச்சி" என்கிறார் பாய். "அடுத்த மாசம் போறாங்க. இவங்க ஊர்ப் பொம்பளைங்க இழவு வீட்டுல பாடுற பாட்டை ஆராய்ச்சி பண்ணணுமாம்."

நான் மகிழ்ந்துபோய் ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொல்கிறேன். ஒக்ஸானா மெல்லத் தலையசைத்துவிட்டு, ஒரு கோட்டின் ரோமத்தை பிரஷ்ஷால் நீவத் திரும்பிக்கொள்கிறார்.

பாய் குரலைத் தாழ்த்துகிறார்.

"போன மாசம் ஊர்ல இவங்க அம்மா மவுத்தாயிட்டாங்க. விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் ஆபீஸ்ல மாட்டிக்கிச்சு, அடக்கத்துக்குப் போக முடியல. அந்தப் பாட்டு முழுசாத் தெரிஞ்சது ஊர்லயே அம்மாவுக்கும் மகளுக்கும்தானாம். அதனால அந்தா அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து போன்லயே பாடினாங்க. அங்கே ரிசீவரை அம்மாவோட மய்யித்துக் காதுகிட்ட வெச்சிருந்தாங்களாம். எனக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா கடையில யாரும் அசையல."

"அப்புறம்?"

"பாதியில போன் கார்டு தீந்துபோச்சு. பக்கத்து பகாலா மளிகைக் கடைக்கு ஓடி வேற கார்டு வாங்கிட்டு வந்தேன். அதுக்குள்ள அங்கே மய்யித்தைத் தூக்கிட்டாங்க."