ரிப்பன் கட்டிய வாக்கி டாக்கி

மலைக்கிராமமான மன்னவனூருக்குள் முதன்முதலாக வாக்கி டாக்கி வந்து இறங்கியது எங்கள் வீட்டில்தான். வந்த புதிதில் அதில் பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. 'உம்' மட்டும்தான் நடந்தது. அதற்கு முழுப் பொறுப்பும் என் அப்பாவையே சேரும்.

கொண்டுவந்தவர் மாமா, என் அம்மாவின் தம்பி. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார துரை வீட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். அறுபதுகளின் நடுவில் அந்தத் துரை குடும்பத்தோடு தன் தேசத்துக்குக் கப்பலேறினார். போகும்போது வீட்டுச் சாமான்களை வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார். மற்றவர்கள் கட்டில், கம்பளி, பீங்கான் தட்டு என்று விவரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எங்கள் மாமா கேட்டது வாக்கி டாக்கி. "கட்டிலக் கேட்டிருந்தா படுக்கவாச்சும் ஆயிருக்கும்" என்று அம்மா பல நாள் சொல்லிக்காட்டினாள்.

ஆனால் மாமா கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வந்துவிடவில்லை. துரை வீட்டில் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று துரையின் பிள்ளைகள் விளையாடியது. சிவப்பு நிறம், சட்டைப்பைக்குள் அடங்கும், பார்க்க அவ்வளவு அழகு. இன்னொன்று கறுப்பு, செங்கல் கனம், இழுத்தால் என் உயரத்துக்கு நீளும் ஏரியல். மாமா இரண்டையும் கொடைக்கானல் ஏரிக்குக் கொண்டுபோனார். தோட்டக்காரரைப் படகுத்துறையில் நிறுத்திவிட்டு, கரையோரமாக நடந்துகொண்டே பேசிப் பார்த்தார். சிவப்பு முதல் வளைவிலேயே இரைய ஆரம்பித்துவிட்டது. கறுப்பு எதிர்க்கரை வரைக்கும் பேசியது. நடுவில் மேடு மறைத்தால் அதுவும் முணுமுணுக்கும். தண்ணீருக்கு மேலே நேருக்கு நேர் நின்றால் கணீரென்று கேட்கும். எல்லாவற்றையும் பார்த்துத்தான் கறுப்பை எடுத்தார்.

"நம்மூர்க் கடையில கெடைக்கிற டார்ச் செல்லு போட்டாலே போதும் மச்சான். செல்லு தீந்துபோச்சுன்னா மெட்ராசுக்கா ஓட முடியும்?" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார்.

துணைச் சாமான்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தோளில் மாட்டிக்கொள்ள வாரோடு இரண்டு தோல் உறை, காதில் செருகிக் கேட்க ஒயர் வைத்த ஒரு குமிழ், மழைக்கு மூட மெழுகுத்துணி. அத்தனையும் எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் பரப்பிவைத்தபோது, ஏதோ கல்யாணச் சீர் வந்து இறங்கியதுபோல அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

துரை வீடு காலியானதும் மாமா எங்களோடேயே தங்கிவிட்டார். எங்கள் உருளைக்கிழங்குக் காட்டுக்கு அவர்தான் காவல். காடு வீட்டுக்கு நேர் எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் இருந்தது. கிழங்கு பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கும். ஒற்றையாளாக விரட்ட முடியாதபோது மாமா அங்கிருந்து ஆள் கேட்டுக் கத்துவார். பனி இறங்கிவிட்டால் தொண்டை கிழியக் கத்தினாலும் சத்தம் பள்ளத்தைத் தாண்டாது. இனி காவல் குடிசையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்பது மாமாவின் திட்டம்.

"பக்கத்துல இருக்கிற பொத்தான அமுக்குனா நாம பேசுறது அங்க கேக்கும். விட்டா அவங்க பேசுறது இங்க கேக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்காது" என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தார். எனக்கு அது ஒரே தடவையில் பிடிபட்டது. அப்பாவும் தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலம் மாமா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். மற்றதைக் கையில் பிடித்தபடி அப்பா வாசலில் நின்றார். சுற்றிலும் கூட்டம். இரைச்சல் சட்டென்று அடங்கி, "மச்சான், கேக்குதுங்களா?" என்று மாமாவின் குரல் வந்தது. கூட்டம் மொத்தமும் "ஆத்தாடி!" என்றது. அப்பா பொத்தானை அமுக்கி, "நல்லாக் கேக்குது மாப்ள" என்றார். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

பிறகுதான் மாமா விவரமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "இங்க தெக்கு மூலையில..." என்று வந்தது. அப்பா பொத்தானை அமுக்கி "உம்" என்றார். விட்டதும், "...வேலி..." என்று வந்தது. அமுக்கி மறுபடியும் "உம்". "...மச்சான், பொத்தான..." அதற்கும் ஒரு "உம்".

கொஞ்ச நேரத்தில் மாமா பள்ளத்தில் இறங்கி ஏறி, மூச்சிரைக்க வாசலுக்கே வந்து நின்றார்.

"நான் பேசையில பொத்தானத் தொடாதீங்க மச்சான். நீங்க அமுக்குனா எம்பேச்சு ஒங்களுக்குக் கேக்காது."

"அதெப்படி மாப்ள? ஒரு மனுசன் பேசுறான். உம் கொட்டாம மரமாட்டம் நின்னா நீ என்ன நெனைப்ப?"

"நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன் மச்சான்."

"நீ நெனைக்க மாட்ட. பாக்குறவங்க?" என்று அப்பா கூட்டத்தைக் காட்டினார். கூட்டமும் அப்பா பக்கம்தான் பேசியது.

அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் கதை கேட்டாலும் உம், கஷ்டம் கேட்டாலும் உம். உம் கொட்டாவிட்டால் சொல்கிறவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். பிறந்ததிலிருந்து பழகிய மரியாதையை ஒரு கறுப்புப் பெட்டிக்காக யார் விடுவார்கள்? மாமா 'ஓவர்' சொல்லக் கற்றுக்கொடுத்தார். அப்பா அதையும் கற்றுக்கொண்டு, "உம், ஓவர்" என்றார்.

இதன் பலன் அந்த வாரமே தெரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் மாமாவின் குரல் பதற்றமாக வந்தது. பன்றி எந்தப் பக்கம் இறங்குகிறது என்ற ஒரு வார்த்தையை அப்பாவின் உம் விழுங்கிவிட்டது. அப்பா பந்தமும் நாயுமாக வடக்கு வேலிக்கு ஓடினார். பன்றிகள் தெற்கு மூலையில் நிம்மதியாகக் கிளறிவிட்டுப் போயின. மறுநாள் வெள்ளனே அந்தப் பாத்தியைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது மனுசங்க பேசிக்கிறதுக்கு ஆன சாமானில்ல" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். மாமாவின் முகம் சுண்டிப்போய்விட்டது.

அந்த முகம் சுண்டியதற்குப் பன்றி மட்டும் காரணம் அல்ல. அப்போது எங்கள் வீட்டில் அத்தையின் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எனக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டிவிடுவது அவள்தான். மாமாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசை, முறையும் இருந்தது. அத்தைக்கும் ஆசை என்பது, அந்தத் தோல் உறைகளை அவள் தினமும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த துடைப்பிலேயே தெரிந்தது. பேச வேண்டியவர்கள்தான் பேசவில்லை. மாமாவுக்குத் தாய் தகப்பன் கிடையாது. சோறு போடும் மச்சானிடம் தானே போய்ப் பெண் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. அம்மா எடுத்துச் சொன்னால் தன் தம்பிக்காகப் பேசுகிறாள் என்று ஆகிவிடும். அப்பாவின் மனசிலோ என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரான கூக்காலிலிருந்து ஒரு வீட்டார், புதன்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அந்த ஊர் ஏரிப்பக்கம் பூண்டுக்காடு உள்ள நல்ல குடும்பம். அத்தை கூக்காலுக்குப் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவது? அம்மா பின்னினால் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும்.

மாமாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் சோலி. அடுத்த நாள் தூக்குவாளியோடு குடிசைக்குப் பக்கத்தில் போனபோது, உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஏரியலைக்கூட இழுக்காமல், அணைத்துவைத்த வாக்கி டாக்கியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மச்சான், ஒங்ககிட்ட ஒரு விசயம்... மச்சான், ஒங்க தங்கச்சிய..." என்று மாமா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அப்படியே நடித்துக் காட்டினேன்.

அம்மா சிரிக்கவில்லை. அடுப்புக்கு மேலே பூண்டு புகையேறும் பரணில் கையை விட்டு, வாக்கி டாக்கியின் செல்களை எடுத்தாள். செல் வலுவிழந்தால் வெயிலில் காயவைக்கச் சொல்லியிருந்தார் மாமா. எங்கள் ஊரில் வெயிலுக்கு எங்கே போவது? பூண்டோடு பூண்டாக அவற்றையும் அம்மா பரணில் ஏற்றிவிடுவாள். எங்கள் வாக்கி டாக்கி எப்போதும் பூண்டு வாசம் அடிக்கும்.

"ஏ புள்ள, அந்தப் பொத்தான விடாம அமுக்கிக்கிட்டே இருந்தா என்னாகும்?" என்று கேட்டாள்.

அம்மா என்னிடம் பாடம் கேட்பது எனக்கு ஒரே பெருமை. "நாம பேசுறது பூராவும் மாமாவுக்குக் கேக்கும். மாமா பேசுறது நமக்குக் கேக்காது" என்றேன்.

"அம்புட்டுத்தானா?" என்றுவிட்டு அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை விளக்கு வைத்ததும் அப்பா வழக்கம்போல வாக்கி டாக்கியை எடுத்தார். மாமாவின் குரல் வந்தது. அப்பா ஒரு உம் கொட்டினார். உடனே அம்மா வந்து, "எந்நேரமும் இதை அமுக்கி அமுக்கி ஒங்க கட்டவெரலு வலிக்கும்ல, குடுங்க இப்படி" என்று வாங்கினாள். என் பின்னலில் இருந்த சிவப்பு ரிப்பனை உருவி, பொத்தான் அமுங்கும்படி பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அதை அப்பாவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே நீங்க பாட்டுக்கு உம் கொட்டலாம்" என்றாள். அப்பாவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது.

"என்ன, மாப்ள சத்தத்தையே காணோம்?" என்றார் கொஞ்சம் கழித்து.

"பனி எறங்கியிருக்கும்" என்றாள் அம்மா. உட்கார்ந்து பூண்டு உரிக்கத் தொடங்கினாள். "ஏங்க, கூக்கால்காரங்க புதன்கிழம வர்றாங்களே, எந்தம்பிய நீங்க ஒருக்காக்கூட நெனைச்சுப் பாக்கலையா?"

அப்பா உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நெனைக்காம என்ன? அவனப்போல ஒரு பய கெடைப்பானா? ஆனா பொண்ணு வீட்டுக்காரன் நானே போயி, ஏந்தங்கச்சியக் கட்டிக்கடான்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அவன் வாயத் தொறந்து கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றார்.

"என்ன சொன்னீங்க? வெறகு வெடிக்கிற சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. சத்தமாத்தான் சொல்லுங்களேன்."

"அவன் கேட்டா குடுப்பேன்னு சொல்றேன்!" என்று அப்பா கத்தினார்.

உள் அறையில் அத்தை கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது. அம்மா எழுந்தாள். ரிப்பனை அவிழ்த்தாள். என்னைத் திருப்பி உட்காரவைத்து, வழக்கம்போல வலிக்க வலிக்க இறுக்கி என் பின்னலில் கட்டிவிட்டாள். பெட்டியில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது.

பூண்டு உரித்து முடிவதற்குள் வாசலில் ஆள் வந்த சத்தம். மாமாதான். தலையில் கம்பளிக் குல்லாய் இல்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. காதில் செருகிய குமிழ் ஒயரோடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒனக்கு நூறு வயசு மாப்ள! இப்பத்தான் ஒன்னயப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்" என்று அப்பா ஆச்சரியப்பட்டார்.

"மச்சான், ஒங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுங்க" என்று மாமா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அப்பா பூரித்துப்போய் அம்மாவின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? நான் என்ன சொன்னேன்? அவனா வந்து கேட்டான் பாரு!" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அன்று காவலில்லாத காட்டில் பன்றிகளும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போயின. அப்பா அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூக்கால்காரர்களுக்குப் பக்குவமாகச் சொல்லியனுப்பினார்கள். அவர்களும் பெருந்தன்மையாகக் கல்யாணத்துக்கே வந்திருந்தார்கள். தை மாதம் பூம்பாறை முருகன் கோயிலில் கல்யாணம். அத்தை எங்கள் வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் மாமா என்னைக் கூப்பிட்டு, கொடைக்கானலில் வாங்கிய ரிப்பன் சுருள்களை என் கைநிறையத் திணித்தார். எல்லாம் சிவப்பு. என்னுடைய ஒரு ரிப்பன் கசங்கிப்போனதற்கு இத்தனை ரிப்பனா என்று எனக்கு ஒரே குழப்பம். ஆனாலும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அப்பா கடைசிவரைக்கும், தான் வாய்விட்டுச் சொன்ன நேரத்துக்கு மாமா வந்து நின்றது முருகன் செயல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் அதற்கு உம் கொட்டினாள். காலமெல்லாம் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அப்பாவின் கட்டைவிரல், ஒரு பொத்தானை அமுக்கியதற்காக வலித்திருக்குமா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.